முன்கைக்கு ஒரு திண்ணை

சட்டைப் பொத்தான் போடும்போதுதான் விஷயம் எனக்கு உறைத்தது. திருவான்மியூரில் விடியும் முன்பே கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 150 கி.மீ. சைக்கிள் மிதித்துப் புதுச்சேரி போய்ச் சேர்ந்திருந்தேன். கால் நன்றாக இருந்தது, மூச்சும் நன்றாக இருந்தது. லாட்ஜில் குளித்துவிட்டுச் சட்டையை மாட்டினால், பொத்தானைப் பிடிக்க விரல் வரவில்லை. வலது கையின் சுண்டுவிரலும், அதை ஒட்டிய மோதிரவிரலின் பாதியும் மரத்துக் கிடந்தன. ஒரு பொத்தானைத் துளைக்குள் தள்ள மூன்று முறை முயன்றேன். ராத்திரி தோசையைப் பிட்டபோதும் அதே கதைதான். அந்த எறும்பு ஊறுகிற உணர்வு அடங்கப் பத்து நாள் ஆனது.

எனக்கு வயது 48. போட்டிக்கு ஓட்டுகிறவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் 80, 100 கி.மீ., வருடத்தில் மூன்று நான்கு தடவை அதற்கு மேல். வழியில் டீ, இளநீர், எங்காவது கடலைப் பார்த்தபடி கால் மணி நேரம். என் வண்டி நேர்க் கைப்பிடி வைத்த ஹைப்ரிட். இந்த வகை வண்டியில் கைக்கு ஒரே ஓர் இடம்தான். வளைந்த கைப்பிடி உள்ள ரோடு பைக்கில் மேலே, பக்கவாட்டில், கீழே என்று மூன்று இடத்தில் பிடிக்கலாம். நேர்க் கைப்பிடியில் காலை நான்கு மணிக்கு எங்கே பிடித்தோமோ, மதியம் ஒரு மணிக்கும் அங்கேயேதான் பிடித்திருப்போம்.

பிசியோதெரபிஸ்ட் அம்மா என் உள்ளங்கையைத் திருப்பி, சுண்டுவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டை ஒட்டிய மேட்டில் கட்டைவிரலால் அழுத்தினார். சுரீர் என்றது. "இங்கதான் சார் அல்நார் நரம்பு உள்ளங்கைக்குள்ள நுழையுது. நீங்க ஏழெட்டு மணி நேரம் உடம்பு பாரத்தை எல்லாம் இதுமேல வச்சிருக்கீங்க" என்றார். அந்தக் குறுகலான பாதைக்குக் கீயோன் கால்வாய் என்று பெயர். அங்கே நரம்பு நசுங்கினால் சுண்டுவிரலும் பாதி மோதிரவிரலும் மரக்கும், விரல்களைச் சேர்த்துப் பிடிக்கிற பலம் குறையும். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வருவதால் மருத்துவத்தில் அவர்கள் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு. மணிக்கட்டின் நடுவே போகிற மீடியன் நரம்பு. எந்த விரல் மரக்கிறது என்று கவனித்து வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம். டாக்டரிடம் போனால் அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

ஜெல் கையுறை வாங்கினேன். கைப்பிடி ரப்பரை மாற்றி, உள்ளங்கைக்கு அகலமாக இடம் கொடுக்கிற பிடி போட்டேன். இரண்டும் கொஞ்சம் உதவின. 60 கி.மீ.யில் வந்த மரப்பு 90 கி.மீ.க்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். கை அங்கிருந்து இறங்கி ஓய்வெடுக்க வேறோர் இடம் வேண்டும். அப்படித்தான் ஏரோபார் பக்கம் வந்தேன்.

பார்த்திராதவர்களுக்கு: கைப்பிடியின் நடுவில், ஸ்டெம்முக்கு (கைப்பிடியை வண்டியோடு இணைக்கிற குட்டைக் குழாய்) இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு முறுக்கிப் பொருத்துகிற சாமான் இது. முன்கையைக் கிடத்த இரண்டு சிறு மெத்தை, பிடித்துக்கொள்ள முன்னால் நீண்டிருக்கும் இரண்டு குழாய். பாரம் உள்ளங்கையிலிருந்து முன்கைக்கு இடம் மாறுகிறது. வெயிலில் நடந்து வந்தவர் யார் வீட்டுத் திண்ணையிலோ சற்று உட்கார்ந்து போகிற மாதிரி, கைக்கு அது ஒரு திண்ணை.

இது வேகத்துக்கான சாமான், நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. காரணம் 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம். கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. தனித்தனியாக ஓட்டுகிற பந்தயம். கிரெக் லெமாண்ட் 50 வினாடி பின்தங்கியிருந்தார். ஏரோபாரில் குனிந்து ஓட்டி, அதுவரை முதலிடத்தில் இருந்த லோரான் ஃபீன்யோனை மொத்தக் கணக்கில் 8 வினாடியில் தோற்கடித்தார். உலகமே இந்தக் குழாயைத் திரும்பிப் பார்த்தது அன்றுதான். ஆனால் அதற்கு மூன்று வருடம் முன்பே, 1986இல், அமெரிக்காவைக் கடற்கரையிலிருந்து கடற்கரைக்குக் குறுக்கே கடக்கும் ராம் (ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா) பந்தயத்தில் பீட் பென்சேரஸ் முன்கையைச் சாய்த்து ஓட்டுகிற கைப்பிடியை வைத்துச் சுமார் 5000 கி.மீ.யை 8 நாள் 9 மணி நேரச் சொச்சத்தில் முடித்து ஜெயித்திருக்கிறார். நாளெல்லாம் சைக்கிள் மேலேயே இருக்கிறவருக்குக் கைக்கு ஓய்வு தருகிற எதுவும் பெரிய விஷயம். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சாமான் பழைய சொந்தம் என்று எனக்கு அதிலிருந்து ஒரு தைரியம்.

சரி, வாங்கினேன். பொருத்தியதில்தான் தப்பு நடந்தது.

நேர்க் கைப்பிடிக் குழாய் பெரும்பாலும் நடுவில் 31.8 மி.மீ. தடிமனாக இருக்கும், ஓரத்துக்குப் போகப் போகச் சிறுத்து 22.2 மி.மீ. ஆகிவிடும். ரோடு பைக்கில் அந்தத் தடித்த பகுதி ஓரளவு நீளமாக இருக்கும். என் ஹைப்ரிட்டில் ஸ்டெம் பிடித்தது போக இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம்தான் மிச்சம். ஏரோபார் கிளாம்ப் உட்கார அது போதாது. கடைக்காரர் பழைய டியூபை வெட்டிச் சுற்றி, சிறுத்து இறங்குகிற சரிவின் மேலேயே கிளாம்பை முறுக்கிக் கொடுத்தார். கையால் ஆட்டிப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. இரண்டாவது ஞாயிறு, கூவத்தூர் தாண்டி, வெள்ளைக் கோடு அழிந்த ஒரு வேகத்தடை. பார்க்கவில்லை. இரண்டு முன்கையும் மெத்தையில். தொம் என்று ஏறி இறங்கியபோது வலது பக்கக் கிளாம்ப் அப்படியே சுழன்று குழாய் தரையைப் பார்த்துக் கவிழ்ந்தது. என் வலது தோள் அதோடு சரிந்தது, முன்சக்கரம் வலது பக்கம் இழுத்தது. இடது கை எப்படிக் கைப்பிடிக்கு வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. விழவில்லை. பின்னால் வந்த மீன்பாடி வண்டிக்காரர் சத்தம் போட்டு ஒதுங்கிப் போனார். சாலையோரம் ஒரு புளியமரத்தடியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நிற்க அவ்வளவு நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்து அளவெடுத்து, தடித்த பகுதி நீளமாக இருக்கிற அலுமினியக் கைப்பிடியாகத் தேடி மாற்றினேன். கிளாம்ப் நேரான தடித்த இடத்தில் முழுசாக உட்கார வேண்டும். ரப்பர் துண்டு, அட்டை, டேப் எதுவும் இடையில் வேண்டாம். குழாய் ஒல்லியாக இருந்தால் அதற்கென்றே அலுமினிய வளையம் விற்கிறார்கள், சரிவில்லாத இடத்தில் மட்டும் அது சரிப்படும். கார்பன் கைப்பிடி வைத்திருப்பவர்கள் கடைக்குப் போகும் முன்பே, ஏரோபார் பொருத்தலாம் என்று அந்தக் கைப்பிடியைச் செய்த கம்பெனி சொல்லியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல கார்பன் கைப்பிடிகளுக்கு அனுமதி கிடையாது. கிளாம்ப் நெரித்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டால், உடைகிற அன்றைக்குத்தான் தெரியும். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து, கிளாம்பில் அச்சிட்டிருக்கிற அளவுக்கு முறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். கைக்கணக்கு இங்கே உதவாது. ஒவ்வொரு நெடும் பயணத்துக்கும் முந்தின இரவு, சைக்கிள் முன்னால் நின்று இரண்டு மெத்தையிலும் உள்ளங்கையை வைத்து என் எடையில் பாதியையாவது இறக்கி அழுத்திப் பார்க்கிறேன். இம்மியும் அசையக் கூடாது.

அடுத்தது உட்காரும் வாகு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. கை நீட்டிப் பிடிக்கிற இடத்தில் இப்போது முழங்கையை வைக்கப் போகிறோம். அதாவது முன்கை நீளத்துக்கு உடம்பு முன்னால் போயாக வேண்டும். ஏற்கெனவே எட்டிப் பிடிக்கிற வண்டியில் ஏரோபாரை அப்படியே மாட்டினால் முதுகு கம்பியாக விறைத்துக்கொள்ளும், கழுத்து ஒடியும். முதல் வாரம் எனக்கு நடந்தது அதுதான். பந்தயக்காரர்கள் மெத்தையைத் தாழ்வாகவும் நெருக்கமாகவும் வைப்பது காற்றைக் கிழிக்க. நமக்கு அது வேண்டாம். உயரமாக, அகலமாக, கிட்டத்தில்: என் வண்டி அப்படித்தான் இருக்கிறது. மெத்தைக்கு அடியில் 50 மி.மீ. உயரத்துக்கு உருளைகள் கொடுத்திருக்கிறேன். இரண்டு மெத்தைக்கும் இடையே கிட்டத்தட்ட என் தோள் அகலம் இருக்கிறது, நெஞ்சு விரிந்து மூச்சு தாராளமாக வருகிறது. மெத்தைகள் கைப்பிடிக்குப் பின்னால், என்னை நோக்கித் தள்ளி இருக்கின்றன. ஸ்டெம்மை 100 மி.மீ.யிலிருந்து 80 மி.மீ.க்கு மாற்றினேன், சீட்டை ஒரு செ.மீ. முன்னால் நகர்த்தினேன். மெத்தையைப் பின்னால் தள்ளியதில் ஒரு தொந்தரவு உண்டு. மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தால் முட்டி இடிக்கும். எழுந்து நிற்கும்போது இடுப்பைக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

எல்லாம் சரியாக அமைந்தால் மேல்கை தோளிலிருந்து ஏறக்குறைய நேராகக் கீழே தொங்கும், முழங்கை செங்கோணத்துக்குச் சற்று அதிகமாக விரிந்திருக்கும். எலும்பு எலும்பின் மேல் நிற்கும், தசைக்கு வேலை இருக்காது. முழங்கை முனை மெத்தை மேல் படக் கூடாது என்பதையும் பிசியோ அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். உள்ளங்கையில் நசுங்கிய அதே அல்நார் நரம்புதான் முழங்கைக்குப் பின்னால், இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்கிற அந்த இடத்திலும் ஓடுகிறது. மெத்தை அங்கே அழுத்தினால் ஒரு வலியைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கிய கதையாகிவிடும். முழங்கை முனையிலிருந்து நான்கு விரற்கடை முன்னால், சதைப்பற்றான இடத்தில் மெத்தை இருக்கட்டும்.

இடுப்பு முன்னால் உருள்வதால் பாரம் சீட்டின் மூக்குப் பக்கம் போகும். தொடையிடுக்கில் மரப்பு வந்தால் யாரும் வெளியே சொல்வதில்லை, அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்: அது பொறுத்துக்கொள்ள வேண்டிய சங்கதி இல்லை. நரம்பும் ரத்த ஓட்டமும் நசுங்குவதன் அறிகுறி அது. நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டுக்கு மாறினேன், மூக்கை ஒரே ஓர் இழை கீழே இறக்கினேன், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நிற்கிறேன். அதற்குப் பிறகு வரவில்லை.

கழுத்துதான் கடைசியாக வழிக்கு வந்தது. குனிந்து படுத்துக்கொண்டு தலையை நிமிர்த்திப் பார்ப்பதால் பிடரித் தசை விடாமல் உழைக்கிறது. 1983 ராம் பந்தயத்தில் மைக்கேல் ஷெர்மர் என்பவருக்குக் கழுத்துத் தசை ஓய்ந்து தலையே நிற்காமல் போனது. இன்றும் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் அந்த நிலையை ஷெர்மர் கழுத்து என்றே சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் அதுவரை போகாது என்றாலும் தசை ஒன்றுதான், பழக்கம் கொடுக்காமல் பாரம் ஏற்றக் கூடாது. முதல் வாரம் இரண்டு இரண்டு நிமிடம், அடுத்த வாரம் ஐந்து, அப்புறம் பத்து என்று கூட்டினேன். இப்போதும் ஒரே மூச்சில் பத்து நிமிடத்துக்கு மேல் படுப்பதில்லை. 100 கி.மீ. பயணத்தில் மொத்தமாகப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு நேரம் மெத்தையில் இருப்பேன். அது போதும். கை மரக்காமல் இருக்க மெத்தையிலேயே கிடக்க வேண்டியதில்லை, அவ்வப்போது இடம் மாறினாலே நரம்புக்கு மூச்சு வந்துவிடுகிறது.

எங்கே படுக்கலாம், எங்கே கூடாது என்பதில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். மெத்தையில் இருக்கும்போது விரல் பிரேக்கில் இல்லை. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல் போய்விடுகிறோம். கை பிரேக்குக்கு வர ஒரு வினாடி என்று வைத்தாலும், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே இரண்டு கார் நீளம் கடந்திருப்போம். நம் ஊர் நாய் அந்த வினாடிக்காகவே காத்திருக்கும். திசை திருப்பும் பிடிமானமும் குறைவு, கை இரண்டும் நடுவில் நெருங்கி இருப்பதால்.

ஆகவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரைக்கும் நான் மெத்தையைத் தொடுவதே இல்லை. முட்டுக்காடு பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும், அங்கே இரண்டு கையும் கைப்பிடியில்தான். மாமல்லபுரம் திருப்பம், கல்பாக்கம், கடப்பாக்கம் கடைத்தெரு, பள்ளிக்கூட வாசல், ஆட்டு மந்தை, சாலை வேலை நடந்து ஜல்லி கிடக்கிற இடம், ஈரச் சாலை, இறக்கம் எல்லாவற்றிலும் அப்படியே. யாருடைய பின்சக்கரத்தையாவது ஒட்டிப் போகும்போது படுப்பதே கிடையாது. முன்னால் போகிறவர் சட்டென்று வேகம் குறைத்தால் நான் விழுவதோடு பின்னால் வருகிற நாலு பேரையும் சாய்த்துவிடுவேன். பேருந்து முந்தப் போகிற சத்தம் கேட்டாலும் எழுந்துவிடுவேன். பி.ஆர்.எம். (200 கி.மீ. அல்லது அதற்கு மேல், குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்கிற பயணம்) போன்ற நெடுந்தூரப் பயணங்களில் பதிவு செய்கிறவர்கள் ஏரோபார் பற்றி அந்த நிகழ்ச்சி விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. சில இடங்களில் நீளத்துக்குக் கட்டுப்பாடு உண்டு.

பிறகு எங்கேதான் படுப்பது? மரக்காணத்துக்கு முன்னும் பின்னும் உப்பளத்தை ஒட்டி ஓடும் நேர்ச்சாலையில். இருபுறமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுநடுவே வெள்ளை உப்புக் குவியல், அரைக் கிலோமீட்டர் தள்ளி வருகிற ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். கோடையில் பத்து மணிக்கு மேல் கடற்காற்று கிளம்பி, தெற்கே போகிறவனுக்கு அது முகத்திலேயே அடிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சு பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும், 18 கி.மீ. வேகத்துக்கே தொடை எரியும். அங்கே முன்கையைக் கிடத்தி, விரலைத் தளர்த்திக் குழாய் மேல் சும்மா வைத்து, தலையைத் தாழ்த்தினால் காற்றின் சத்தமே மாறிவிடுகிறது. காதில் ஊளையிட்டது முதுகுக்கு மேலே போய்விடும். அதே மிதிப்புக்கு மணிக்கு இரண்டு மூன்று கி.மீ. கூடுதலாகக் கிடைக்கிறது. வேகத்துக்காக வாங்கவில்லை என்றாலும் எதிர்க்காற்றில் இந்த உதவி பெரிது. ஆனால் அந்த இடத்தில் எனக்குப் பிடித்ததே வேறு. சுண்டுவிரலில் சூடு திரும்புவது தெரியும். ரத்தம் இறங்கி, விரல் நுனி ஒருமாதிரி குறுகுறுத்து, பிறகு அடங்கும்.

சாப்பாட்டு விஷயமும் ஒன்று உண்டு. பொங்கல், வடை என்று வயிறு முட்டத் தின்றுவிட்டு மெத்தையில் படுத்தால் எதுக்களிக்கும். வயிறு மடிந்து நசுங்குகிறதே. இப்போது வழியில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, முதல் அரை மணி நேரம் நிமிர்ந்தே ஓட்டுகிறேன்.

முன்விளக்கைக் கைப்பிடியில் வைத்திருந்தேன். மெத்தையும் முன்கையும் மறைத்துச் சாலையில் நிழல் விழுந்தது. இரண்டு குழாய்க்கும் குறுக்கே சின்னக் கட்டை போட்டு அதில் மாட்டிய பிறகு சரியானது. மெத்தைப் பஞ்சு நம் வெயிலுக்கு வேர்வை குடித்து இரண்டே பயணத்தில் நாறும். ஒட்டுப்பட்டையைப் பிரித்து எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கிறேன். வேர்வை உப்பு போல்ட்டையும் விடாது. மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தொட்டு மாட்டினால் துரு பிடிக்காது. விலை ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து பல ஆயிரம் வரை இருக்கிறது. கிளாம்ப் கெட்டியாக இருக்கிறதா, மெத்தையை நாலு பக்கமும் நகர்த்த முடிகிறதா, உயரம் ஏற்ற உருளை கிடைக்கிறதா, இந்த மூன்றுக்குத்தான் காசு கொடுப்பேன். எடை குறைவு என்பதற்கு ஒரு ரூபாய் கூட வேண்டாம்.

போன மாதம் எங்களோடு ஓட்டுகிற தம்பி ஒருவன், "அண்ணா, எனக்கும் கை மரக்குது, இதே மாதிரி ஒண்ணு ஆர்டர் போட்டுடவா?" என்று கேட்டான். எந்த விரல் என்றேன். கட்டைவிரல் பக்கம் என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சீட் மேல் தண்ணீர் மட்டப் பலகையை வைத்தோம். மூக்கு நன்றாகக் கீழே குனிந்திருந்தது. மிதிக்க மிதிக்க அவன் முன்னால் வழுக்கிக்கொண்டே போய், வழுக்காமல் இருக்க இரண்டு கையாலும் கைப்பிடியைத் தள்ளிக்கொண்டே ஓட்டியிருக்கிறான். ஆலன் கீயால் சீட்டை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிரேக் பிடிகளைச் சற்றுக் கீழே திருப்பி, மணிக்கட்டு பின்னால் மடியாமல் நேராக நிற்கும்படி வைத்தோம். மாமல்லபுரம் போய்த் திரும்பினோம். தலசயனப் பெருமாள் கோயில் பக்கத்து டீக்கடையில் கண்ணாடி டம்ளரை அவன் ஒரு கையால் வாங்கினான், இரண்டு விரல் நுனியில் பிடித்துக் காட்டினான். ஆர்டர் போடவில்லை.